தோப்புக்கு அனுப்பாதீர்கள்

"நல்ல பெரிய எடமுங்க டாக்டர், அஞ்சு ஏக்கர் தோப்பு. ஜம்முனு ஓடித் திரியும்."

ஒரு வயதை ஒட்டிய ஜெர்மன் ஷெப்பர்டு நாயையோ லேப்ரடாரையோ வேறு கைக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கால்நடை மருத்துவரான என்னிடம் சொல்கிறார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒரு ஷெப்பர்டு போன வாரம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வயிறு உப்பி வந்தது. 14 மாத நாய். கழுத்தில் சங்கிலி அறுத்த புண், காது நிறைய உண்ணி. சாயங்காலம் ஒரு குண்டா சோறு வைத்துவிட்டுப் போனால் மறுநாள்தான் ஆள் வருமாம். இரைப்பை முறுக்கிக்கொண்டது ராத்திரியில், பார்த்தது காலையில். காப்பாற்ற முடியவில்லை.

பெரிய நாய்க்குப் பெரிய இடம் வேண்டும் என்ற நினைப்பை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. தோப்பில் நாய் ஓடித் திரிவதில்லை. பகலில் காய் போடுகிறவர்களும் வேலையாட்களும் வருவார்கள், அதனால் கட்டிப்போடுவார்கள். ராத்திரி அவிழ்த்துவிட்டால் பக்கத்துத் தோட்டத்து ஆட்டைப் பிடிக்கும், அதனால் அப்போதும் கட்டிப்போடுவார்கள். ஒருவேளை அவிழ்த்தே விட்டாலும், கூட நடக்க ஆளில்லாத நாய் ஐந்து ஏக்கரையும் சுற்றி வராது. மனுசர் கடைசியாகப் போன கேட்டைப் பார்த்துப் படுத்துக் கிடக்கும். கட்டிலடியில் தூங்கி, ஹாலில் குழந்தைகளோடு வளர்ந்த பிராணி அது. கண்ணாடி விரியனும் எலி மருந்தும் பூச்சிமருந்துக் கேனும் இருக்கிற இடத்தில் அதைத் தனியாக விடுவதற்குப் பெயர் காவலா? காலையிலும் மாலையிலும் நடக்கக் கூட்டிப்போகிற குடும்பம் கிடைத்தால் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டே ஷெப்பர்டுக்குப் போதும். எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாயை அதன் சொந்தக்காரர் நடக்கவிடாமல் வைத்திருப்பது, 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அனாதையாக விட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான்.

நாயை மாற்றிக் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வேலை மாற்றல் வருகிறது, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிறார், நிலைமை அப்படி. "ஒரு வயசுக்கு மேல வேற வீட்டுல ஒட்டாது" என்பதும் உண்மையில்லை. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் லேப்ரடார்கள் முதல் ஓராண்டு ஒரு குடும்பத்தில் வளர்ந்து, பிறகு பயிற்சி மையத்துக்குப் போய், அதற்கும் பிறகுதான் தாங்கள் வழிநடத்தப்போகிறவரிடம் சேருகின்றன. போகிற இடத்தில் மனுசர் இருந்தால் நாய் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் கொடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். "சொன்ன பேச்சே கேக்கறதில்லீங்க" என்று அழைத்து வரப்படும் நாய்களில் பல 8 மாதம், 10 மாதம். அது விடலைப் பருவம். வழிகாட்டி நாய்க்குட்டிகளை வைத்து இங்கிலாந்தில் செய்து 2020இல் வெளியான ஆய்விலும், 5 மாதத்தில் கேட்ட சொல்லை 8 மாதத்தில் தன் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் போனது தெரிந்தது. அது கடந்துபோகும். நல்ல பயிற்சியாளரைப் பாருங்கள், சில மாதம் பொறுங்கள். 'அசோசியேசன் விடாது' என்பவர்களுக்கு: வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியமே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

கொடுப்பது என்று முடிவானால், அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். ராத்திரி எங்கே படுக்கும், யார் நடக்கக் கூட்டிப்போவார்கள் என்று கேளுங்கள். சோறு போடப்போகிற அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். அவருக்கு இஷ்டமில்லை என்றால் வேறு வீடு பாருங்கள். பொட்டை நாய் என்றால் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிட்டுக் கொடுங்கள். 'சும்மா' கிடைக்கிறது என்று வாங்கிப்போய் ஒவ்வொரு முறை பருவத்துக்கு வரும்போதும் குட்டி போடவைத்து, கர்ப்பப்பை சீழ்பிடித்துக் கொண்டுவருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

நாயின் குணத்தை மறைக்காதீர்கள். சாப்பிடும்போது உறுமும், பட்டாசுக்குப் பயப்படும், ஒரு தடவை கடித்திருக்கிறது என்றால் அப்படியே சொல்லுங்கள். அந்த வீட்டிலும் குழந்தை இருக்கும். தடுப்பூசிப் புத்தகம், இரண்டு வாரத்துக்கு அது தின்று பழகிய தீனி, அதன் வாசம் படிந்த துவைக்காத விரிப்பு, எல்லாம் கூடப் போகட்டும். டிக் ஃபீவர் எனும் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதை உண்டாக்கும் எர்லிச்சியா கிருமி உள்ளுக்குள் அடங்கிக் கிடந்து பிறகு தலைதூக்கும். அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவில் உள்ள போன் நம்பரை மாற்றுங்கள். 'ஒத்துவரவில்லை என்றால் எங்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வாங்குகிற குடும்பத்துக்கு: முதல் சில நாள் சொந்தபந்தத்தைக் கூட்டி நாயைக் காட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். கேட்டுக்கு வெளியே கயிறில்லாமல் ஒரு அடிகூட வேண்டாம். பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும். "ரெண்டு வாரமா ரொம்ப சாதுங்க" என்பார்கள். சாது இல்லை, பயம். மூன்றாவது வாரத்தில்தான் அதன் உண்மையான குணம் தெரியத் தொடங்கும். முழுக்க நம் வீட்டு நாயாக மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை நாயைக் குழந்தை கட்டிப்பிடிக்க விடாதீர்கள், நாயின் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் குழந்தையை விடாதீர்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமாமல் இருக்கக் கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே வண்டியை எடுங்கள். கால்சியம் டானிக் வேண்டவே வேண்டாம்; பெரிய இனங்களில் வளரும் எலும்பை அது கெடுக்கும். பைக் பின்னால் ஓடவைப்பதை ஒன்றரை வயது வரை நினைக்கவே கூடாது. வழுக்கும் டைல்ஸில் மிதியடி விரியுங்கள்.

நல்ல வீடு உடனே அமையவில்லை என்றால் தயவுசெய்து இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள். உங்கள் டாக்டரிடம் சொல்லிவையுங்கள். வளர்த்த நாயை இழந்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று எங்களிடம் கேட்டு வைத்திருக்கிற குடும்பங்கள் எப்போதும் உண்டு. அவர்கள் நாய் வளர்த்த விதம் எங்களுக்குத் தெரியும். விசாரித்துச் சொல்வோம்.