பவர் சரிதான், ஆனாலும் தலைவலி

மாலை நாலு மணிக்கு மேல் புருவ நடுவில் வலி. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஒரு கண்ணை மூடினால் நிம்மதி. மஞ்சக்குப்பம் ஆடிட்டர் அலுவலகத்திலும் புதுச்சேரி ஐடி வேலையிலும் நாள் முழுக்கத் திரை பார்ப்பவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. கண்ணாடியை மாற்றிப் பார்ப்பார்கள், நீலவெளிச்சம் தடுக்கும் லென்ஸ் வாங்குவார்கள் (அந்தக் காசு வீண்). எழுத்து அட்டையில் கடைசி வரிவரை தெரியும். அட்டை ஒவ்வொரு கண்ணாகத்தான் சோதிக்கும், இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் குவிகிறதா என்று பார்க்காது.

கிட்டத்தில் பார்க்க இரு கண்களும் மூக்குப் பக்கம் திரும்ப வேண்டும். இதுதான் கண் குவிவது; இதில் குறை இருந்தால் பவர் சரியாக இருந்தும் இந்த வலி வரலாம். 60 செ.மீ. தூரத் திரைக்குத் திரும்புவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, 30 செ.மீ. தூர செல்போனுக்குத் திரும்ப வேண்டும். கணினியை அணைத்துவிட்டுக் கடலூர் பஸ்ஸில் செல்போனை எடுப்பது ஓய்வல்ல, கூடுதல் வேலை.

வீட்டிலேயே பார்க்கலாம். வழக்கமான கண்ணாடியோடு, பேனா நுனியைக் கை நீட்டும் தூரத்திலிருந்து மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். மூக்கிலிருந்து 10 செ.மீ. தூரத்துக்கு வருவதற்கு முன்பே இரண்டாகத் தெரிந்தால், அல்லது ஐந்து முறை செய்வதற்குள் அந்தத் தூரம் கூடிக்கொண்டே போனால், கண் குவியும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குறை உறுதியானால் இதே பேனாப் பயிற்சியைத் தருவது வழக்கம்: தினமும் 15 நிமிடம், வாரம் 5 நாள், 12 வாரம். மருத்துவமனையில் மேற்பார்வையோடு செய்யும் பயிற்சி இதைவிட நன்றாகப் பலன் தருகிறது. பலரும் தவறுவது ஒரே இடத்தில்: ஒரு கண் பார்ப்பதை மூளை அமுக்கிவிட்டால் பேனா கடைசிவரை ஒன்றாகவே தெரியும், பயிற்சி நடப்பதாக நினைத்துக்கொள்வோம். அதனால் பேனாவுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு காலண்டர் இருக்கட்டும். பேனாவைப் பார்க்கையில் காலண்டர் இரண்டாகத் தெரிந்தால் இரு கண்ணும் வேலை செய்கின்றன. கண் உள்நோக்கி இழுக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது, பரிசோதிக்காமல் தொடங்க வேண்டாம்.

கண் வறட்சி வேறு கதை. திரையில் ஆழ்ந்தால் இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது, அதிலும் அரைகுறை இமைப்பு. வெளியே கடற்காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஏசி அறைக்குள் அது உதவாது. ஏசி, மின்விசிறிக் காற்று முகத்தில் நேரே விழாமலும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கட்டும். வறட்சிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

திடீரென்று இரட்டையாகத் தெரிந்து, ஒரு கண்ணை மூடினால் சரியாகி, கூடவே இமை தொங்கினாலோ கடும் தலைவலி வந்தாலோ அது திரைக்களைப்பு அல்ல. அன்றே ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.