கிராம சபை நோட்டில் கையெழுத்துப் போடும் முன்

கிராம சபையில் ஊர்க்காரர்கள் எழுந்து பேசியிருப்பார்கள், கூட்டமே ஆமாம் என்றிருக்கும், ஆனால் தெருவுக்கு வாய்க்கால் எங்கே என்று ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேட்டால் ‘தீர்மானத்தில் அப்படி ஒன்றுமே இல்லையே’ என்று கையை விரிப்பார்கள். இப்படி ஏமாந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு 6 நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பதவிக்காலம் முடிந்து தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருக்கும் ஊரிலும் கூட வேண்டும்.

உறுப்பினர் யார் என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் செல்லாது, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்து ஓட்டு இன்னும் பிறந்த ஊரிலேயே இருக்கும் பெண்களை இதைச் சொல்லியே உட்கார வைத்துவிடுகிறார்கள், அதனால் முதலில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் சேராத ஊர்களில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களை அப்படியே அழைத்து வந்து கையெழுத்து வாங்குவார்கள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் காலியாகவே இருக்கும், அப்புறம் என்ன எழுதினாலும் நீங்கள் ஒப்புக்கொண்டது மாதிரிதான். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாயால் கேட்பதோடு விடாதீர்கள். சபைக்கு முன்பே மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஊராட்சி செயலரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். ‘சாலை வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போட்டுக் கணக்கு காட்டிவிடலாம். ‘மாரியம்மன் கோயில் தெரு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரை’ என்று எழுதுங்கள்.

சரி, தீர்மானம் ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தேதிக் கிராம சபைத் தீர்மானங்களின் நகலையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். ‘ஏன் வாய்க்கால் போடவில்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள். ‘எங்களிடம் இல்லை, அந்த ஆபீசுக்குப் போங்கள்’ என்று விரட்டினால் அலையாதீர்கள்: மனுவை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை, சட்டத்தின் 6(3) பிரிவிலேயே இருக்கிறது. 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.