பிள்ளையைப் போதை சிகிச்சைக்குக் கூட்டிப்போனால் கேஸ் ஆகுமா?

பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் பாதி கிழித்த மாத்திரை அட்டையோ சின்னக் கஞ்சாப் பொட்டலமோ கிடைத்தால், பல வீடுகளில் அதை வெளியே தெரியாமல் மூடி மறைக்கத்தான் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடும், கேஸ் ஆகிவிடும், படிப்பு போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்திலேயே மாதங்கள் ஓடி, பழக்கம் முற்றிவிடுகிறது.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்டு வருவது குற்றமே அல்ல. ஏற்கெனவே வழக்கு பதிவாகியிருந்தாலும் வழி இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். போதைக்கு அடிமையான ஒருவர்மீது, உட்கொண்டதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்து, அவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையோ மறுவாழ்வு மையமோ, அரசு அல்லது உள்ளாட்சி நடத்துவதாகவோ அவற்றின் அங்கீகாரம் பெற்றதாகவோ இருக்க வேண்டும். ஆகவே போர்டைப் பார்த்து மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பை ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. அதனால் ஓபி சீட்டு முதல் டிஸ்சார்ஜ் சம்மரி வரை ஒரு ஃபைலில் பத்திரமாக வையுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்கு அழைக்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் இது, கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு நேராகவும் போகலாம்.

சரி, விற்றவனுக்கு? சட்டத்தின் கடுமை அங்கேதான் இருக்கிறது, அது நியாயமும்கூட. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மது, புகையிலை, போதைப்பொருள் எதைக் கொடுத்தாலும், சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விலக்கு. பொட்டலம் கைமாற்றப் பிள்ளைகளைப் பயன்படுத்தினாலும், 78-ஆம் பிரிவில் அதே தண்டனைதான். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பெட்டிக்கடையில் சிகரெட்கூட விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 10581-இல் புகார் சொல்லலாம். பிள்ளையே சிக்கலில் இருந்தால், குழந்தைகள் உதவி எண் 1098.