ஸ்டஃப்ட் – அமர்த்துகலம்

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்துப் போரைப் பற்றிப் படிப்பவர்களுக்கு ஸ்டஃப்ட் என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். 'ஷிப்ஸ் டேக்கன் அப் ஃப்ரம் டிரேட்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்த சொல் இது. வணிகத்தில் ஓடிக்கொண்டிருந்த கப்பலை அரசு போரின் துணைப் பணிக்கு எடுத்துக்கொண்டால் அதற்கு இந்தப் பெயர். 'டேக்கன் அப்' என்பது பிரிட்டிஷ் கடல்துறையின் பழைய வழக்கு. கப்பலை வாடகைக்குப் பேசி எடுப்பதை அப்படித்தான் சொன்னார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே இங்கே கேள்வி.

'நார்லண்ட்' கப்பலைப் பார்த்தால் பொருள் துலங்கும். இங்கிலாந்தின் ஹல் நகரிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்குக் காரும் பயணிகளும் ஏற்றிப்போய்வந்த கப்பல் அது. 1982 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத்தில் அதன்மேல் ஹெலிகாப்டர் தளம் அமைத்தார்கள். பயணிகள் அறைகளில் பாராசூட் படையின் 2-ஆம் பட்டாலியன் வீரர்கள் குடியேறினார்கள். வழக்கமான மாலுமிகளே உடன் போனார்கள். மே 21 அதிகாலை இருட்டில், ஃபாக்லாந்தின் சான் கார்லோஸ் கடற்பகுதியில், கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியே வீரர்கள் தரையிறங்கு படகுகளில் இறங்கினார்கள். போர் முடிந்தபின் அர்ஜென்டினாக் கைதிகளில் ஒரு பகுதியினரை அவர்கள் நாட்டில் கொண்டுசேர்த்ததும் இதே கப்பல்தான். அடுத்த ஆண்டு பழைய தடத்துக்கே திரும்பியது.

திரும்பியது என்பதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. 'பறிமுதல் செய்த கப்பல்' என்று எழுதுவது தவறு. பறிமுதல் குற்றத்துக்குத் தண்டனை. 'கையகப்படுத்திய' என்றாலும் நிலம் போவதைப்போல உடைமையே கைமாறிவிடும். இங்கே உரிமையாளர் மறுக்க முடியாது என்பது உண்மை. 1982 ஏப்ரல் 4 அன்று பிறந்த அரசாணை அந்த அதிகாரத்தைத் தந்தது. ஆனாலும் உடைமை அவரிடமே இருக்கும், வாடகையும் கிடைக்கும். கலம் என்றால் கப்பல், படைக்கலம் என்று சொல்லலாமே என்று தோன்றும். அது ஆயுதத்துக்கு என்றோ உரிமையாகிவிட்ட சொல்.

ஆகவே 'அமர்த்துகலம்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வண்டி அமர்த்துகிறோம், வேலைக்கு ஆள் அமர்த்துகிறோம். குறித்த பணிக்காகக் கொள்வதும் பணி முடிந்தபின் விடுவிப்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. உண்கலம், அணிகலம்போல இதுவும் வினைத்தொகை, ஆதலால் இடையில் 'க்' மிகாது. அமர் என்றால் போர் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. வேர் வேறானாலும் அந்த ஒலி இங்கே இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. வகை சுட்ட வேண்டுமானால் நார்லண்டைப் பயணிகள் அமர்த்துகலம் என்றும், மே 25 அன்று ஏவுகணை தாக்கிய 'அட்லாண்டிக் கன்வேயரை'ச் சரக்கு அமர்த்துகலம் என்றும் எழுதலாம்.