வெற்றுக் குடுவையில் ஏழு நீல நூல்

மத்தி மீனின் குடலில் பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தோம். மீனே போடாத ஒரு குடுவையையும் கூடவே அதே கரைசல், அதே வடிதாள் என்று ஓட்டுவது வழக்கம். வெளியிலிருந்து எவ்வளவு பிளாஸ்டிக் கலந்தது என்று காட்டும் இதற்கு 'வெற்று மாதிரி' என்று பெயர். அன்று அந்த வெற்று வடிதாளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஏழு நீல நூலிழைகள். மீன் மாதிரியிலோ ஒன்பது. நீலம், அன்று நான் போட்டிருந்த துப்பட்டாவின் நிறம்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துகளை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம். அது மீனுக்குள் மட்டுமல்ல, ஆய்வகக் காற்றிலும் மிதக்கிறது. கையுறைகூடச் சதி செய்யும்: அதில் தடவியிருக்கும் ஸ்டியரேட் உப்பு, பிளாஸ்டிக் வகையை அடையாளம் காணும் கருவியில், பை செய்யும் பாலிஎத்திலீன் போலவே தெரியும்.

குடலை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், 40 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் சதை கரைந்துவிடும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பாலியெஸ்டரும் அரிபடும். கடல்மணல் என்றால் உப்புக்கரைசலில் கலக்கி, மிதப்பதை எடுப்போம். சமையல் உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2தான், குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்குக்கோ 1.38 வாக்கில். அது மணலோடு அடியிலேயே கிடக்கும். உப்பை மட்டும் நம்பிய ஆய்வறிக்கையில் 'பிவிசி காணப்படவில்லை' என்று படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அகச்சிவப்பு ஒளியால் சோதிக்கும் கருவி 10, 20 மைக்ரான் வரை சிறிய துகளை அடையாளம் காட்டும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லேசர் ஒளியால் சோதிக்கும் ராமன் கருவி 1 மைக்ரான் வரை இறங்கும். ஆக, ஒரே மீனுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண்ணிக்கை சொல்லலாம், இரண்டும் சரியாகவே இருக்கலாம். செய்தியில் 'இத்தனை துகள்' என்று வந்தால், எந்த அளவு வரைக்கும் எண்ணினார்கள், வெற்று மாதிரியில் எத்தனை இருந்தது என்று தேடுங்கள்.

2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்து, 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்ததாக வெளியிட்டார்கள். அங்கே துகளை எண்ணவில்லை. மாதிரியைச் சூட்டில் சிதைத்து, வரும் வாயுவிலிருந்து எடையைக் கணக்கிட்டார்கள். இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்பு சிதைந்தாலும் பாலிஎத்திலீன் தருவது போன்ற பொருள்கள் வரும். கொழுப்பு மிகுந்த மூளை, ஈரல் பற்றிய எண்களை நான் இன்னும் தயங்கித்தான் படிக்கிறேன்.

அந்த வார மத்தி மாதிரிகள் அத்தனையையும் கணக்கிலிருந்து நீக்கினோம். துப்பட்டாவின் நுனியில் ஒரு இழையை வெட்டிக் கருவியில் வைத்தேன். பாலியெஸ்டர். கருவி அதற்குத் தந்த வரைகோடு இன்றும் எங்கள் ஒப்பீட்டுக் கோப்பில் இருக்கிறது, என் பெயரோடு.