வெட்டுளித் தேய்மானம்: சொல்லும் பொருளும்

பட்டறைப் பேச்சில் ‘டூல் வேர்’ என்று வழங்கும் சொல்லைத் தமிழில் வெட்டுளித் தேய்மானம் என்கிறோம். உலோகத்தைக் கடையும்போதோ துருவும்போதோ வெட்டுளியின் முனை சிறிது சிறிதாகத் தன் பொருளை இழந்து வடிவம் மாறுவதை இது குறிக்கும். முனை திடீரென முறிந்துபோவது இதில் சேராது.

ஆங்கிலச் சொல் முதலில் உடை அணிவதையே குறித்தது. அணிய அணியத் துணி நைந்துபோவதால், பயன்பாட்டால் குறைதல் என்ற பொருள் பின்னர் அதில் ஏறியது. தமிழின் ‘தேய்’ என்னும் அடிக்கு அப்படிப்பட்ட சுற்றுவழி தேவைப்படவில்லை. தேய்ந்தது என்றால் தன்வினை, தேய்த்தது என்றால் பிறவினை. உரசும் செயலும் அதனால் வரும் குறைவும் ஒரே அடியில் அடங்கியுள்ளன. திருக்குறளில் இவ்விரு வடிவங்களும் உலோக வேலையோடு சேர்ந்தே வருவது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. 567ஆம் குறள் ‘அடுமுரண் தேய்க்கும் அரம்’ என்கிறது. 888ஆம் குறள் ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்கிறது. பொன் என்பது இங்கே இரும்பைக் குறிக்கும் என்பர் உரைகாரர்.

ஆனால் அக்குறள்களில் தேய்வது அரத்துக்கு இரையாகும் உலோகம். நம் சொற்றொடரில் தேய்வதோ கருவி. ஆகவே வெட்டுளித் தேய்மானம் என்பதை வெட்டுளி அடையும் தேய்மானம் என்றே விரித்துக்கொள்ள வேண்டும்.

இச்சொல்லை உராய்வோடு குழப்புவோர் பலர். உராய்வு என்பது தொட்டு நகரும் இரு பரப்புகளுக்கு இடையே எழும் எதிர்ப்பு. தேய்வு அதன் விளைவுகளுள் ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெப்பம் நிற்கிறது. உலோக வெட்டைக் கணித மாதிரியாக்குவோர் இம்மூன்றையும் தனித்தனிச் சமன்பாடுகளில் வைப்பதால், சொற்களும் தனித்தனியே நிற்பது இன்றியமையாதது. விளிம்பை ஒட்டிய பகுதியில் அழுத்தம் மிகுந்து சீவல் (வெட்டுப்பட்டுக் கழியும் உலோகத் துண்டு) வெட்டுளியின் முகத்தோடு ஒட்டிக்கொள்வதால், உராய்வு விசை அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்ற பழைய விதி அங்கே செல்லாது; சீவலின் சறுக்குப் பெயர்ச்சி வலிமையே, அதாவது உள்ளடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் பெயராமல் தாங்கும் திறனே, அதற்கு உச்சவரம்பாகிறது. விளிம்பிலிருந்து சற்று விலகிய பிறகே உண்மையான வழுக்கல் தொடங்குகிறது. உலோகம் உருமாறும் இடத்திலும் சீவல் உராயும் இடத்திலும் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீவலே எடுத்துச் செல்கிறது என்றாலும், எஞ்சியது வெட்டுளியைத் தாக்கப் போதுமானது. முகத்தின் மிக வெப்பமான இடம் விளிம்பிலேயே அமையாமல் சற்று உள்ளே தள்ளி இருப்பதால், முகம் குழிந்துபோகும் பள்ளத் தேய்வும் அங்கேதான் விழுகிறது.

1953இல் பிரிட்டன் ஆய்வாளர் ஆர்ச்சர்ட் தந்த விதி, தேயும் கன அளவு சுமைக்கும் வழுக்கிய தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் உசுய் பின்னர் அமைத்த மாதிரியில் வெப்பநிலை அடுக்குக்குறியில் இடம்பெறுகிறது. எனவே சிறிய வெப்ப உயர்வும் தேய்வு வேகத்தைக் கணிசமாகக் கூட்டிவிடும்.

வேகத்தைப் பேசும் இத்தகைய இடங்களில் தேய்மானம் என்பதைவிடத் தேய்வு என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வருமானம், பெறுமானம் என்பவற்றில் உள்ள ஈறே தேய்மானத்திலும் உள்ளது. கணக்கிட்டுச் சொல்லும் அளவின் சாயல் அதற்கு உண்டு. கணக்குப் பதிவில் சொத்து மதிப்பின் குறைவையும் தேய்மானம் என்றே எழுதுகிறார்கள். ஆகவே நிகழ்வைத் தேய்வு என்றும், அளந்து பெறும் மில்லிமீட்டரைத் தேய்மானம் என்றும் பிரித்தாளலாம். கடைசல் வெட்டுளிகளைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரநெறி 3685, பக்க முகத்தில் (வெட்டி முடித்த பரப்பை நோக்கிய முகத்தில்) சீராக விழும் தேய்மானத்தின் சராசரி 0.3 மி.மீ. ஆவதை ஆயுள் முடிவுக்கான அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்கிறது.

அந்த வரம்பை எட்டும்வரை வெட்டிய நேரமே வெட்டுளியின் ஆயுள். 1907இல் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் வெளியிட்ட தொடர்பு, வெட்டு வேகத்தை ஆயுளின் ஓர் அடுக்கால் பெருக்கினால் மாறிலி கிடைக்கும் என்பது. அந்த அடுக்கு 0.25 ஆக இருந்தால், வேகத்தை இரட்டிப்பாக்கும்போது ஆயுள் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.