ஊறுகாய்ப் புல்லுக்கு 50 லட்சம் மானியமா?

‘சைலேஜ் போட்டால் அரசு 50 லட்சம் தருகிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சைலேஜ் என்பது பச்சைத் தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைக்கும் மாட்டுத் தீவனம். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். மீதிப் பாதி தெரியாமல் கொட்டகை போட இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

திட்டத்தின் பெயர் தேசிய கால்நடை இயக்கம். ஒன்றிய அரசுடையது. 2014-15ல் தொடங்கியது, 2021ல் தொழில்முனைவோருக்கான திட்டமாக மாற்றி அமைத்தார்கள். நாட்டுக்கோழிப் பண்ணை, ஆட்டுப் பண்ணை, பன்றிப் பண்ணை ஆகியவற்றோடு தீவன உற்பத்திக்கும் இதில் இடம் உண்டு. சைலேஜ் என்கிற ஊறுகாய்ப் புல், தீவனக் கட்டி, முழுமைக் கலப்புத் தீவனம் (புல்லும் அடர்தீவனமும் சேர்த்துக் கலந்தது) ஆகியவற்றைத் தயாரிக்கும் அலகுகளுக்குத் திட்டச் செலவில் 50 சதவீதம் மூலதன மானியம், உச்சவரம்பு 50 லட்சம். அதாவது 80 லட்சத்தில் அலகு போட்டால் மானியம் 40 லட்சம். 1 கோடியே 20 லட்சம் செலவு செய்தாலும் 50 லட்சத்துக்கு மேல் வராது.

தனி ஆள் விண்ணப்பிக்கலாம். சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவையும் விண்ணப்பிக்கலாம். நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்க வேண்டும். தொழிலில் பயிற்சி அல்லது அனுபவம் வேண்டும், இல்லையென்றால் தெரிந்த ஆளைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் முழுவதும் இணையவழி. கால்நடை பராமரிப்புத் துறை பார்த்து, வங்கி பார்த்து, மாநிலக் குழு பரிந்துரைத்து, கடைசியில் டெல்லியில் ஒப்புதல். அவசரக்காரர்களுக்கான திட்டம் இல்லை.

பணம் எப்போது வரும்? இரண்டு தவணையில், சிறுதொழில்களுக்கான வளர்ச்சி வங்கியான சிட்பி மூலமாக. வங்கி உங்கள் கடனின் முதல் பகுதியை விடுவித்த பிறகுதான் முதல் தவணை. அலகு கட்டி முடிந்து, அதிகாரிகள் நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு இரண்டாவது. கடன் வேண்டாம், சொந்தப் பணத்தில் செய்கிறேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அவர்களும் திட்ட அறிக்கையை ஒரு வங்கியிடம் கொடுத்து மதிப்பீடு வாங்கி, வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் முதலில் இறங்குவது உங்கள் பணமும் வங்கிப் பணமும்தான்.

இனி, அந்த வாட்ஸ்அப் செய்தி விட்டுவிட்ட பாதி. நிலம் வாங்க, வாடகை கொடுக்க, சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்க இந்த மானியம் கிடையாது. அதெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அடி விழுவது நடைமுறை மூலதனத்தில், அதாவது சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டுவதற்கான பணத்தில். அதற்கும் மானியம் கிடையாது. பேலர் (தீவனத்தை இறுக்கிக் கட்டும் இயந்திரம்), புல் நறுக்கும் இயந்திரம், கொட்டகை எல்லாம் மானியத்தில் அடங்கும். அதற்குள் போடுகிற மக்காச்சோளம் அடங்காது.

சைலேஜுக்கு மக்காச்சோளத்தைக் கதிர் முற்றுவதற்கு முன், மணி மாவுப் பதத்தில் இருக்கும்போது தட்டையோடு அறுக்க வேண்டும். அந்தப் பதம் ஒரு வயலில் சில நாள்தான் நிற்கும். அதனால் ஆறு மாதம் விற்கப்போகும் சரக்கை ஓரிரு வாரத்தில் மொத்தமாக வாங்கியாக வேண்டும். கிலோ 3 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், 1000 டன்னுக்கு 30 லட்சம் கையில் வேண்டும். உழவருக்குக் காசு உடனே கொடுக்க வேண்டும். பால் பண்ணைக்காரரோ தவணை சொல்லித்தான் வாங்குவார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் இதே மக்காச்சோளம்தான் தீவனம், ஆனால் அவர்களுக்கு வேண்டியது முற்றிய மணி. மணி விலை ஏறிவிட்டால் பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் பச்சையாக அறுத்துத் தருவாரா? ‘இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும்’ என்று விட்டுவிடுவார். எனவே திட்ட அறிக்கையில் இயந்திர விலைப்பட்டியலை ஒட்டுவதற்கு முன்னால், எந்த ஊரில் எத்தனை ஏக்கர் வாங்கப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். நடைமுறை மூலதனத்துக்குத் தனிக் கடனையும் அதே வங்கியில் அப்போதே பேசிவிடுவது நல்லது.

அடர்தீவன ஆலை (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம் தயாரிப்பது) போடுகிற எண்ணம் இருந்தால் அதற்கு வேறு கதவு: 2020ல் வந்த கால்நடை பராமரிப்பு உள்கட்டமைப்பு நிதி. அதில் மானியம் இல்லை, கடன் வட்டியில் 3 சதவீதம் சலுகை.

சரி, நான்கு மாடு வைத்திருப்பவர் என்ன செய்வது? அவருக்கு இந்தத் திட்டமே வேண்டாம். மாநில அரசு அவ்வப்போது அறிவிக்கும் 50 சதவீத மானியத்தில் ஒரு மின் புல் நறுக்கும் கருவி கிடைத்தால் போதும். அரை அங்குலம், முக்கால் அங்குலமாக நறுக்கி, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், கொஞ்ச நேரம் வாட விடுங்கள். கையை விரித்ததும் உருண்டை மெல்லப் பிரிந்தால் சரியான பதம். தடித்த பிளாஸ்டிக் பையிலோ டிரம்மிலோ காற்றுப் புகாமல் மிதித்து மிதித்து அடைத்து, 45 நாள் கழித்துத் திறக்க வேண்டும். மஞ்சள் கலந்த பச்சை நிறமும், லேசான புளிப்பு வாசனையும் இருந்தால் மாடு தயங்காமல் தின்னும். பூஞ்சை பிடித்துக் கறுத்த பகுதி இருந்தால் அதை எடுத்து எருக்குழியில் போடுங்கள், மாட்டுக்கு வேண்டாம்.